நிலையத்துக்கு எதிரே ஒரு மாளிகை

கப்பலும் ரயிலுமே மனிதனைச் சுமந்து திரிந்த காலத்தில், ஒரு நகரத்தின் பெயர்பெற்ற ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று எவரையும் விசாரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. நிலையத்தை விட்டு வெளியே வந்து தலை நிமிர்ந்தால் போதும், எதிரே நிற்கும். பெட்டி படுக்கைகளுடன் இறங்கும் பயணி நெடுந்தூரம் அலையக் கூடாது என்பதே அதன் காரணம். விமானங்கள் வந்த பிறகு ஹோட்டல்கள் நகரெங்கும் பரவின. நிலைய வாசலில் இருந்த பழைய ஹோட்டல்களுள் பல மூடப்பட்டன, பல இடிக்கப்பட்டன. தப்பிப் பிழைத்தவற்றுள் ஒன்று மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையத்திற்கு எதிரே நிற்கிறது. 1932ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மெஜஸ்டிக் ஹோட்டல் அது.

தமிழக முஸ்லிம்களுக்கு கோலாலம்பூர் அந்நியமான ஊரன்று. நம் குடும்பங்களில் தாத்தாவோ, பெரிய வாப்பாவோ, தாய்மாமனோ மலாயாக் கரைக்குச் சபர் போய் வந்திருப்பார். பரணில் ஏற்றிவைத்த தகரப் பெட்டியின் மூடியில் கப்பல் கம்பெனியின் சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை போய் வந்தது. போர்ட் ஸ்வெட்டன்ஹாமை இன்று கிள்ளான் துறைமுகம் என்கிறோம். அங்கே இறங்கிய சபராளிகள் ரயிலேறி வந்து சேர்ந்த இடம் இந்தக் கோலாலம்பூர் நிலையம்.

ஆகவே மெஜஸ்டிக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் நிலையத்தைப் பற்றிப் பேசுவதே முறை.

1910இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நிலையத்தை முதன்முறையாகப் பார்க்கும் நம்மூர்க்காரர், 'இது எந்தப் பள்ளிவாசல்?' என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. வெண்ணிறச் சுவர்கள், வரிசை வரிசையாக வளைவுகள், மேலே மினாராக்களைப் போன்ற கோபுரங்கள், அவற்றின் உச்சியில் சிறு குவிமாடங்கள். வரைந்தவர் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் 1909இல் எழுந்த மஸ்ஜித் ஜாமிஉவும் அவர் வரைந்ததுதான். ஈப்போ நகரின் ரயில் நிலையமும் அவருடையதே. நிலையத்திற்கு நேர் எதிரே 1917இல் எழுந்த ரயில்வே தலைமை அலுவலகமும் அவர் கைவண்ணம்.

மலாய் நாட்டில் ஆங்கிலேயர்கள் ஏன் இப்படிக் கட்டினார்கள்? இந்தியாவில் முகலாயக் கட்டடக் கலையையும் ஐரோப்பியக் கட்டுமான முறையையும் கலந்து ஒரு பாணியை அவர்கள் ஏற்கெனவே பழக்கியிருந்தார்கள். 1908இல் திறக்கப்பட்ட நம் சென்னை எழும்பூர் நிலையம் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஹென்றி இர்வின் அதை வரைந்தார். மலாயாவில் ஆட்சியாளர்கள் முஸ்லிம் சுல்தான்கள் என்பதால், 'முகம்மதியப் பாணி' இங்கே பொருந்தும் என்று தீர்மானித்தார்கள். அத்தீர்மானத்தில் பெரும்பங்கு வகித்தவர் இலங்கையில் பொறியாளராக இருந்து வந்த ஸ்பூனர் என்பவர். அவரே பின்னர் மலாய் மாநிலங்களின் ரயில்வேக்குத் தலைவரும் ஆனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்நாளைய மலாய்ப் பள்ளிவாசல்களுக்குக் குவிமாடமே கிடையாது. மரத்தால் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைகளை அடுக்கி, வீட்டைப் போலவே எழுப்பியிருந்தார்கள். கம்பத்து மக்கள் தங்கள் பள்ளிவாசலில் கண்டிராத குவிமாடத்தை ரயில் நிலையத்தின் உச்சியில் கண்டார்கள்! அந்த நிலையத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நம்முடைய மரபு என்று பெருமைப்பட்டுக்கொள்வதற்கு முன், அது யாருடைய கண் வழியாக வந்த மரபு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. (இங்கிலாந்து விதிகளின்படி பனிப்பொழிவைத் தாங்கும் கூரை போடச் சொன்னதால் நிலையம் கட்டுவதில் தாமதம் ஏற்பட்டது என்று வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். கேட்கச் சுவையான கதை. நம்பத்தான் மனம் வரவில்லை.)

நிலையத்தின் உள்ளேயே ஒரு ஹோட்டல் இருந்தது. அதற்குப் பிறகு சாலைக்கு இப்பால் மெஜஸ்டிக் எழுந்தது. நகரின் விருந்துகளும் நடனங்களும் திருமணங்களும் அங்கே நடந்தன. ரயிலிலிருந்து இறங்கிய நம்மவர்களோ அந்த வாசலைக் கடந்து வேறு திசையில் நடந்தார்கள். தடுத்து நிறுத்த அங்கே சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கடைச் சிப்பந்தியின் ஊதியமே தடையாக இருந்தது. ஆற்றைத் தாண்டிச் சென்றால், 1863ஆம் ஆண்டிலேயே இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய மஸ்ஜித் இந்தியா இருந்தது. அதைச் சுற்றிலும் ஊர்க்காரர்களின் துணிக்கடைகள், மளிகைக் கடைகள், ஒட்டுக்கடைகள். கடையின் மாடியில் விரித்த பாயே அவர்களுக்கு ஹோட்டல்.

மஸ்ஜித் இந்தியாவில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. அங்கே லுஹர் தொழுதுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த இராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம், மெஜஸ்டிக்கில் தங்கியிருப்பதாகச் சொன்னேன். சிரித்தார். "எங்க அத்தா அந்த ஸ்டேஷன்லதான் வந்து எறங்குனாக. எதுத்தாப்புல ஹோட்டலு இருக்குன்னு தெரியும். உள்ளுக்கு எப்படி இருக்கும்னு கடைசி வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

அதே ஹோட்டலின் கூடத்தில்தான் 1951 ஆகஸ்டில் அம்னோ கட்சியின் கூட்டம் நடைபெற்று, துங்கு அப்துல் ரஹ்மான் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று அவர் பெரிய அளவில் அறியப்பட்டவர் அல்லர். ஆறாண்டுகள் கழித்து, 1957 ஆகஸ்ட் 31இல், சுதந்திர மலாயாவின் முதல் பிரதமராக நின்றவர் அவரே. வெள்ளையர் விருந்துண்ட கூடத்திலிருந்து அவர்களை வழியனுப்பப் போகும் தலைவர் வெளிப்பட்டார்.

அந்தத் துங்குவின் மற்றொரு செய்தியைத் தெரிந்துகொள்ள, ஹோட்டலிலிருந்து வடக்கே சிறிது தூரம் நடக்க வேண்டும். ரயில்வே தலைமை அலுவலகத்தைத் தாண்டினால் மஸ்ஜித் நெகாரா என்னும் தேசியப் பள்ளிவாசல் வந்துவிடும். 1965 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்குத் துங்குவின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று யோசனை எழுந்தபோது அவர் இணங்கவில்லை. இரத்தம் சிந்தாமல் கிடைத்த விடுதலைக்கு நன்றியாக நாட்டின் பெயராலேயே அது விளங்கட்டும் என்றார். தன் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ள ஆசைப்படாத ஆட்சியாளர்கள் எந்த நாட்டிலும் அரிதுதான்.

நான் இங்கே சற்று அதிக நேரம் நின்றதற்குக் காரணம் அதன் கூரை. உருண்டைக் குவிமாடம் இல்லை. பாதி விரித்த குடையைப் போல மடிப்பு மடிப்பாக 18 முனைகள் கொண்ட கூரை. பக்கத்தில் மடித்து நிறுத்திய குடையைப் போல 73 மீட்டர் உயர மினாரா. 18 என்பது இஸ்லாத்தின் ஐந்து கடமைகளையும் நாட்டின் 13 மாநிலங்களையும் கூட்டிய கணக்கு. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நாட்டுக்குக் குடையைவிடப் பொருத்தமான உருவம் ஏது? இதை வரைந்ததும் அதே பொதுப்பணித் துறைதான். ஹப்பக் அமர்ந்திருந்த துறை. காலம் மட்டும் மாறிவிட்டது. அந்நியர் கட்டிய ரயில் நிலையம் பள்ளிவாசலைப் போலத் தோன்றுகிறது. அம்மண்ணின் முஸ்லிம்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட பள்ளிவாசல் வேறு எதையும் போலத் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட நடைதான். மெஜஸ்டிக்கில் தங்குகிறவருக்குக் கிடைக்கும் பெரிய வசதி என்று இந்த நடையையே நான் சொல்வேன்.

ஹோட்டல் பிழைத்த கதைக்கு வருவோம். நாளடைவில் புதிய ஹோட்டல்கள் வந்து மெஜஸ்டிக் மங்கியது, 1983இல் மூடப்பட்டது. இடித்துத் தள்ளிவிட்டுப் புதிய கட்டடம் எழுப்புவது எங்கும் நடப்பது. ஆனால் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பழைமைச் சின்னமாக அறிவித்தது. 1984 முதல் 1998 வரை தேசிய ஓவியக் கூடம் அங்கே இயங்கியது. படுக்கையறைச் சுவர்களில் ஓவியங்கள் தொங்கின. பின்னர் ஓவியக் கூடம் வேறிடம் போய்விட, ஒய்.டி.எல். நிறுவனம் கட்டடத்தைப் புதுப்பித்து, பின்னால் ஒரு புதிய கோபுரத்தையும் எழுப்பி, 2012 டிசம்பரில் மீண்டும் ஹோட்டலாகவே திறந்தது. பழைய பகுதியில் 47 அறைகள், புதிய கோபுரத்தில் 253 அறைகள் என மொத்தம் 300.

பழைய பகுதியின் வாடகை கூடுதல். குடும்பத்துடன் செல்வோர் கோபுரத்தில் தங்குவதே சிக்கனம். பழைய பகுதியின் கூடங்களில் உலவுவதற்கும் அமர்வதற்கும் அது தடையில்லை. மாலைத் தேநீர் அங்கே ஒரு சடங்கைப் போல நடக்கிறது. ஆர்க்கிட் மலர்கள் சூழ்ந்த கண்ணாடி அறையில், அடுக்குத் தட்டுகளில் சிற்றுண்டிகளை வைத்துக் கொண்டுவருகிறார்கள். உட்கார்ந்து பார்க்க இதமான இடம்தான். ஆனாலும் ஒன்று என் மனத்தில் உறுத்தியது. அந்த அலங்காரம் முழுவதும் 'அந்தக் காலம் எவ்வளவு இனியது' என்கிறது. யாருக்கு இனியது என்பதை அந்தப் பெரியவரின் அத்தாவிடம் கேட்டிருக்க வேண்டும்.

வாசகர்களுக்குப் பயன்படும் சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். முஸ்லிம் நாடு என்பதால் எல்லா உணவும் ஹலால் என்று எண்ணிவிடக் கூடாது. மலேசியாவில் ஹலால் சான்றிதழ் வழங்குவது ஜாக்கிம் என்ற அரசுத் துறை. ஒரே ஹோட்டலுக்குள் ஓர் உணவுக்கூடத்திற்குச் சான்றிதழ் இருக்கும், மற்றொன்றுக்கு இராது. 'பன்றி இறைச்சி இல்லை' என்ற அறிவிப்பும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. கூச்சப்படாமல் கேட்க வேண்டும். அங்கே அதை எவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் பசியாற மனம் நம்மூர் ருசியைத் தேடினால், ஆற்றைத் தாண்டி மஸ்ஜித் இந்தியா பக்கம் போய்விடலாம். வெளிநாட்டவர் அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி செலுத்தும் முறை 2017 முதல் இருக்கிறது. கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மலேசிய ஹோட்டல் அறைகளில் கிப்லாவைக் காட்டும் அம்புக்குறியைக் கூரையிலோ மேசை இழுப்பறையிலோ ஒட்டியிருப்பது வழக்கம். முஸாஃபிருக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகை உண்டு என்றாலும், தேசியப் பள்ளிவாசல் இவ்வளவு அருகில் இருக்கும்போது மஹ்ரிபுக்காவது ஜமாஅத்தோடு நிற்காமல் வர மனம் ஒப்பாது. பெண்களுக்கும் அங்கே தனி இடம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், பள்ளிவாசலுக்கு அருகிலேயே 1998இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்திற்கு அரை நாளை ஒதுக்குவது நல்லது.

இனி, ரயிலேறி வந்து இந்த ஹோட்டலில் இறங்க முடியுமா? முடியும், ஆனால் பழைய முறையில் அன்று. 2001இல் சற்றுத் தெற்கே கோலாலம்பூர் சென்ட்ரல் என்ற பெரிய நிலையம் திறக்கப்பட்டதும் நெடுந்தூரப் பயணங்களின் மையம் அங்கே மாறிவிட்டது. பழைய நிலையத்தில் புறநகர் வண்டிகள் நின்று செல்கின்றன. சென்ட்ரலிலிருந்து அந்த வண்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தம் இதுதான். கையில் சுமை குறைவாக இருப்பவர்கள் கார் பிடிக்காமல் அப்படி வந்து இறங்குவதையே நான் விரும்புவேன். அகன்ற நடைமேடையில் காலடி ஓசை கேட்கும் அளவுக்கு அமைதி. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் நிறைந்திருந்த ரயில்வே இது. தண்டவாளம் போட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்கள்.

நிலையத்தின் உள்ளே இருந்த பழைய ஹோட்டல் மூடப்பட்டுவிட்டது. அதன் வளைவு ஜன்னல்கள் சாலையைப் பார்த்தபடி இருக்கின்றன. எதிரே மெஜஸ்டிக்கின் விளக்குகள் மாலை ஏழு மணிக்கெல்லாம் எரியத் தொடங்கிவிடும். அதே நேரத்தில் வடக்கேயிருந்து மஹ்ரிபின் பாங்கு ஒலிக்கும்.