பதிவு இல்லையா, சிக்னல் இல்லையா?

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அங்குள்ள நிலம் ஒன்றுக்குத் தமிழக அரசின் இணையதளத்தில் பட்டா, சிட்டா பார்க்க வேண்டுமானால் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படிப்பட்ட பட்டியல்களை, பக்கம் முழுவதையும் மறுபடி இறக்காமல், பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே சர்வரிடம் கேட்டு வாங்கி நிரப்பிவிடும். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் வந்த வசதி இது. 2005இல்தான் ‘அஜாக்ஸ்’ என்ற பெயர் கிடைத்தது. இன்று அதே வேலைக்கு ‘ஃபெட்ச்’ என்ற கட்டளை இருக்கிறது. தரவைக் கேட்டு வாங்குவது இப்போது சில வரி வேலை. கேட்டது வராதபோது திரையில் என்ன காட்டுகிறோம் என்பதில்தான் ஒரு தளத்தின் தரம் தெரியும்.

அதே மாவட்டத்துக் கல்வராயன்மலை வட்டத்தின் உள்ளடங்கிய ஊர் ஒன்றில், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், ஒரு விவசாயி சர்வே எண்ணைக் கொடுத்துக் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். திரை வெறுமையாக நிற்கிறது. பதிவே இல்லையா, சர்வர் பழுதா, பதில் வழியிலேயே நின்றுவிட்டதா? முதலாவது என்றால் அவர் நிலத்துக்கே கேள்வி. மற்றவை என்றால் சற்றுப் பொறுத்து மறுபடி முயன்றால் போதும். சர்வர் 500 என்று பிழை எண்ணை அனுப்பினாலும், பதில் வந்துவிட்டது என்றே ஃபெட்ச் எடுத்துக்கொள்ளும். எண்ணைச் சோதிப்பது நிரலாளரின் பொறுப்பு. இன்னொரு சிக்கலும் உண்டு. கள்ளக்குறிச்சி வட்டத்தைத் தவறுதலாகத் தொட்டுவிட்டு உடனே கல்வராயன்மலைக்கு மாற்றுகிறார். முதல் கேள்விக்கான பதில் தாமதமாக வந்து சேர்ந்தால், கல்வராயன்மலை என்ற பெயருக்குக் கீழே கள்ளக்குறிச்சி வட்டத்து ஊர்கள் வரிசையாக நிற்கும். பழைய கோரிக்கையை ரத்து செய்திருந்தால் இது நேராது.

டவர்கள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். டவர் வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் சென்னையிலும் சர்வர் திணறத்தான் செய்கிறது. முன்பு வந்த தரவைப் போனிலேயே சேமித்துக் காட்டலாமே என்ற யோசனை நல்லதுதான். நிலப் பதிவில் மட்டும் அது எந்தத் தேதியின் விவரம் என்று மேலேயே எழுதியாக வேண்டும். செலவு கூடும் என்ற வாதத்தில் வலு இல்லை: ஒரு சோதனை, ஒரு தெளிவான வாக்கியம், ‘மீண்டும் முயல்க’ என்றொரு பொத்தான், அவ்வளவுதான்.

குரோம் பிரவுசரிலேயே இணைய வேகத்தைக் குறைத்துச் சோதிக்க வசதி இருக்கிறது. அரசுத் தளங்களை ஏற்கும் அதிகாரிகள், கையெழுத்திடும் முன் அந்த வேகத்தில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.