வாடகை போகும், டெபாசிட் திரும்பும்

புரட்டாசி பிறந்தால் திருப்பதியில் கூட்டம் பெருகும். சித்தூர் வழியாகவும் ரேணிகுண்டா வழியாகவும் தமிழ்நாட்டு மக்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். மொட்டை போட வேண்டும். சாமி கும்பிட வேண்டும். தங்கவும் ஓர் இடம் வேண்டும்.

மலைமேல் அறைகளைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் வாடகைக்கு விடுகிறது. கீழ்த் திருப்பதியில் உள்ள சீனிவாசம், விஷ்ணு நிவாசம், மாதவம் ஆகிய விடுதிகளும் தேவஸ்தானத்துடையவை. தனியார் லாட்ஜுகளும் உண்டு.

அறை எடுக்கும்போது வாடகையுடன் டெபாசிட்டும் கேட்பார்கள். இரண்டும் ஒன்றா? இல்லை.

வாடகை என்பது தங்குவதற்குக் கொடுக்கும் பணம். அது திரும்ப வராது. டெபாசிட் என்பது பிணையாகக் கொடுக்கும் பணம். சாவி தொலைந்தால், பொருள் உடைந்தால் அதில் பிடித்துக்கொள்வார்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால் டெபாசிட் திரும்ப வர வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு நாள் வாடகை 100 ரூபாய், டெபாசிட் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டுவது 600 ரூபாய். அறையைக் காலி செய்ததும் 500 ரூபாய் திரும்பக் கிடைக்கும். உண்மையான செலவு 100 ரூபாய்தான். டெபாசிட்டை மறந்து பஸ் ஏறினால் ஐந்து நாள் வாடகைப் பணம் போய்விடும்!

அறையை யார் பெயரில் எடுப்பது? தங்குபவர் பெயரில்தான் எடுக்க வேண்டும். தரகர்கள் தம் பெயரில் அறை எடுத்து, கூடுதல் விலைக்கு விடுவது உண்டு. அப்போது ரசீதும் தரகர் பெயரில் இருக்கும். டெபாசிட்டும் அவருக்கே போகும். இதைத் தடுக்க, 2023 மார்ச் 1 முதல் திருமலையில் முகத்தை அடையாளம் காணும் கருவியைத் தேவஸ்தானம் கொண்டுவந்தது. அறை எடுத்தவரே டெபாசிட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

கார்டிலோ செல்போனிலோ பணம் கட்டினால், டெபாசிட் அதே வங்கிக் கணக்குக்கு வரும். சில நாள் ஆகலாம். அதுவரை ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அறைக்குப் பணம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. மலைமேல் யாத்திரிகர் கூடங்களில் இலவசமாகத் தங்கலாம். பை, துணிமணி வைக்க லாக்கரும் இலவசம்.

ரசீதில் நான்கு விவரங்களைப் பார்க்க வேண்டும்: பெயர், வாடகை, டெபாசிட், காலி செய்யும் நேரம். ரசீது தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். எண்களைப் படித்துவிடலாம். மற்றதைப் படித்துச் சொல்லும்படி கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் பணத்தை விடுவதுதான் நட்டம்.