ஒரு லிட்டர் குடிக்க, மூன்று லிட்டர் சாக்கடைக்கா? ஆர்.ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரை என்ன செய்யலாம்?

சமையலறையில் ஆர்.ஓ மெஷின் ஓடும்போதெல்லாம், ஒரு மெல்லிய குழாய் சிங்க்குக்குள் சத்தமில்லாமல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும். பல வீடுகளில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1 லிட்டர் குடிநீர் தர, வழக்கமான வீட்டு ஆர்.ஓ மெஷின் சுமார் 3 லிட்டரை வெளியே தள்ளுகிறது. குடிக்க, சமைக்க என நாளொன்றுக்கு 15 லிட்டர் பிடிக்கிற வீடு என்றால் 45 லிட்டர் போச்சு! இரண்டு வாட்டர் கேனுக்கும் மேல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்துக்கிடந்த சென்னைக்கு இது சின்ன கணக்கு இல்லை.

ஏன் இவ்வளவு வீணாகிறது? தண்ணீரை அழுத்தி மெம்பரேன் வழியாகச் செலுத்தும்போது, உப்புகள் இந்தப் பக்கமே தங்கிவிடும். அவற்றை அலசித் தள்ளாவிட்டால் மெம்பரேன் அடைத்துக்கொள்ளும். அதனால் வெளியே வருவது சாக்கடை நீர் அல்ல. உப்பு கூடிய தண்ணீர், அவ்வளவுதான். உள்ளே போகும் தண்ணீரின் டிடிஎஸ் 600 என்றால், வெளியே வருவது 800-ஐ நெருங்கும்.

சரி, அதை வைத்து என்ன பண்ணலாம்? வீடு துடைக்கலாம், பாத்ரூம் கழுவலாம், டாய்லெட்டில் ஊற்றலாம், மிதியடியை ஊறவைக்கலாம். குழாயின் கீழே ஒரு பக்கெட் போதும். வாடகை வீட்டிலும் ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டியதில்லை. கார், பைக் கழுவினால் மட்டும் கடைசியில் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள்; இல்லையென்றால் வெள்ளைத் திட்டு நிற்கும்.

செடிகளுக்கு? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தொட்டியில் இதையே தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு சேர்ந்து இலை நுனி கருகும். அதற்கு ஏசி தண்ணீர் கைகொடுக்கும். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. இரண்டையும் கலந்து ஊற்றலாம். ஆனால், ஏசி தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

இதைவிடப் பெரிய கேள்வி, உங்கள் வீட்டுக்கு ஆர்.ஓ தேவையா என்பதுதான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதற்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ-வுக்குத் தடை விதிக்கும்படி 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெஷினுக்குள் போகும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அளந்து பாருங்கள். போர்வெல் தண்ணீரும் சம்ப்பில் கலக்கும் அபார்ட்மென்ட் என்றால், கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை: இந்த மீட்டர் கிருமியைக் காட்டாது, ஃப்ளோரைடு, நைட்ரேட் போன்றவற்றையும் தனியாகச் சொல்லாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனைதான் வழி. அதில் பிரச்சினை இல்லை, டிடிஎஸ்ஸும் 500-க்குக் கீழேதான் என்றால், யுவி ஃபில்டரோ, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரோ போதும்.