லண்டன் கேட்டில் புடவைச் சிங்கங்கள்!

ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். காலையிலிருந்து இரண்டு டம்ளர் காபி உள்ளே போயாச்சு. இயற்கை கூப்பிடுகிறது. எழுந்து போய் சூப்பர்வைசர் முன்னால் நின்று, "ஸார்... பாத்ரூம் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்கவேண்டும். அவர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "ம்... சீக்கிரம்" என்பார். சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எப்படி இருக்கும்?

நம்மூர்ப் பட்டாசுக் கம்பெனி சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். சாட்சாத் லண்டன் மாநகரம்! வருடம் 1976. வடமேற்கு லண்டனில் வில்ஸ்டன் பகுதி. கம்பெனி பெயர் க்ரன்விக். தொழில்: ஃபிலிம் கழுவி பிரின்ட் போடுவது.

செல்போனில் நாளைக்கு நூறு படம் எடுத்துத் தள்ளும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அப்போதெல்லாம் காமிராவில் ஃபிலிம் ரோல் போடவேண்டும். இங்கிலாந்தில் மக்கள் கோடை விடுமுறைக்குக் கடற்கரை போவார்கள், படம் எடுப்பார்கள், ரோலை ஒரு கவரில் போட்டுப் பணத்தோடு தபாலில் அனுப்பிவிடுவார்கள். சில நாளில் பிரின்ட் தபாலில் வீடு வந்து சேரும். க்ரன்விக்கின் உயிர்நாடியே தபால்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கவரைப் பிரிப்பது, பணத்தைச் சரிபார்ப்பது, பிரின்ட்டை மறுபடி கவரில் போடுவது... இதெல்லாம் செய்தவர்களில் பெரும்பாலோர் நம்ம குஜராத்திப் பெண்கள். கென்யா, உகாண்டா, டான்சானியா என்று கிழக்கு ஆப்பிரிக்காவில் கடை கண்ணி, வேலைக்காரர் என்று சௌகரியமாக இருந்த குடும்பங்கள். காலம் மாறியது. 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை மூட்டை கட்டச் சொன்னார். குளிர் தேசத்தில் வந்து இறங்கியவர்களுக்கு முதலில் கிடைத்த வேலை எதுவோ அதுதான் வேலை.

சம்பளம் வாரத்துக்குச் சுமார் 28 பவுண்டு. நாட்டின் சராசரியோ 70 பவுண்டுக்கு மேல்! கோடையில் கூட்டம் அள்ளும் என்பதால் லீவு கிடையாது. ஓவர்டைம் கட்டாயம். 'இன்றைக்கு இரு' என்றால் இருக்கவேண்டும். வீட்டில் குழந்தை காத்திருக்கிறது என்பதெல்லாம் அவரவர் கவலை. மானேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜெயாபென் தேசாய் அங்கே வேலை பார்த்தவர். 'பென்' என்றால் குஜராத்தியில் சகோதரி. நம்மூர் 'அக்கா' மாதிரி. வயது 43. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. புடவை, தோளில் கைப்பை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் பெரியம்மாவோ என்று நினைப்பீர்கள்.

1976 ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை. வேலை மெதுவாக நடக்கிறது என்று ஓர் இளைஞரின் சீட்டைக் கிழித்தார்கள். அவருக்காக இன்னும் மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். அதே நாள் சாயங்காலம் ஜெயாபென் வீட்டுக்குக் கிளம்பத் தயாரானபோது, 'இன்னும் வேலை இருக்கு' என்று உத்தரவு வந்தது. கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். வாக்குவாதம்.

அன்றைக்கு அவர் சொன்னது இங்கிலாந்துத் தொழிற்சங்கக்காரர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். நம் பாஷையில் சொன்னால் இப்படி: "நீங்க நடத்தறது ஃபாக்டரி இல்லை, மிருகக்காட்சி சாலை. அங்கே விரல் அசைச்சா ஆடற குரங்குகளும் உண்டு, தலையைக் கவ்விடற சிங்கங்களும் உண்டு. நாங்க சிங்கம், மானேஜர் ஸார்!"

சொல்லிவிட்டு மகன் சுனிலையும் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். பையனும் அங்கேதான் கோடை வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தாச்சு. அப்புறம்? அங்கேதான் சிக்கல். யூனியன் என்ற ஒன்றே உள்ளே கிடையாது. யாரைப் பார்ப்பது, எங்கே கையெழுத்துப் போடுவது, ஒன்றும் தெரியாது. சுனில்தான் இலவச ஆலோசனை மையத்தில் விசாரித்தான். அபெக்ஸ் என்று ஒரு சங்கம் காட்டினார்கள். அது குமாஸ்தாக்கள், ஆபீஸ் ஊழியர்களின் சங்கம். ஆமாம், உங்களையும் என்னையும் மாதிரி பேனா பிடிக்கிறவர்களின் சங்கம்தான்! உள்ளூர்த் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் செயலாளர் ஜாக் ட்ரோமியும் கூடவே நின்றார். பிற்காலத்தில் எம்.பி. ஆனவர்.

ஒருத்தர் பின்னால் ஒருத்தராக மொத்தம் 137 பேர் வெளியே வந்தார்கள். உள்ளே வேலை செய்தவர்கள் மொத்தம் ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. செப்டம்பர் தொடக்கத்தில் கம்பெனி வெளியே நின்ற அத்தனை பேரையும் டிஸ்மிஸ் செய்தது. இதில் ஒரு சூட்சுமம் பாருங்கள். ஸ்டிரைக்கில் இருப்பவர்களில் சிலரை மட்டும் நீக்கினால் டிரிப்யூனல் கேள்வி கேட்கும். ஒருத்தர் விடாமல் நீக்கினால் கேட்காது! அன்றைய சட்டம் அப்படி. வக்கீல்களுக்குத்தான் எத்தனை மூளை!

முதலாளி ஜார்ஜ் வார்ட். இந்தியாவில் பிறந்த ஆங்கிலோ இந்தியர்! அவர் பக்கமும் ஒரு வாதம் இருந்தது. 'உள்ளே வேலை செய்கிறவர்கள்தான் அதிகம். அவர்கள் யூனியன் வேண்டாம் என்கிறார்கள். வேண்டும் என்று நான் ஏன் திணிக்கவேண்டும்?' என்பார். உள்ளே போன பலரும் இதே மாதிரி புடவைக்காரப் பெண்கள் என்பதும் நிஜம். அவர்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி கேட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். வெளியே நிற்பவர்களுக்கு அவர்கள் கருங்காலிகள். ஆனால் ஜன்னல் வழியே தெரிந்த முகங்கள் போன மாசம்வரை பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து டிபன் பகிர்ந்துகொண்ட முகங்கள். கேட்டில் நிற்கிறவனுக்கு இதைவிடக் கஷ்டம் வேறு இல்லை. போலீஸ் அடி ஆறிவிடும்.

மினி ஸ்கர்ட் வேண்டாம்!

மறியல் என்றால் சினிமாவில் காட்டுகிற மாதிரி தினமும் கோஷமும் கல்வீச்சும் இல்லை. முக்கால்வாசி நேரம் சும்மா நிற்பது. அட்டையைப் பிடித்துக்கொண்டு, கை விறைக்க, புடவைமேல் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு, நேற்று நின்ற அதே இடத்தில் இன்றும் நிற்பது.

மானேஜர் வெளியே வந்து கிண்டல் செய்வாராம். "மிஸஸ் தேசாய், புடவை கட்டிக்கிட்டு ஜெயிக்க முடியாது. உங்களை மினியிலே பார்க்கணும்!" ஜெயாபென் பதில்: "மிஸஸ் காந்தி புடவைதான் கட்டறாங்க. பெரிய தேசத்தையே ஆளறாங்க!" எமர்ஜென்ஸி நடந்துகொண்டிருந்த நேரம், உதாரணம் கொஞ்சம் நெருடுகிறது. ஆனால் அந்த இடத்துக்கு, அந்த மானேஜருக்கு, வேறு பதில் கிடையாது.

சும்மா நின்றால் ஜெயிக்க முடியுமா? இப்போது தபாலுக்கு வருவோம். க்ரன்விக்கின் தபால் எல்லாம் க்ரிக்கிள்வுட் தபால் நிலையம் வழியாகப் போகவேண்டும். 1976 நவம்பர் முதல் தேதி, 'க்ரன்விக் மூட்டையைத் தொடமாட்டோம்' என்று தபால் ஊழியர்கள் கையை மடக்கிவிட்டார்கள். கம்பெனிக்கு வேர்த்துவிட்டது. கோர்ட் மிரட்டல் வந்தது. தபால் சங்கத் தலைமை நாலே நாளில் பின்வாங்கியது.

மறுபடி கேட். மறுபடி குளிர். ஸ்டிரைக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். சுரங்கம், துறைமுகம், என்ஜினியரிங் ஆலை எதையும் விடவில்லை. 1977 மே மாதம் ஆளும் லேபர் கட்சியின் மூன்று மந்திரிகளே வந்து கேட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்!

மந்திரி நின்ற அதே கேட்டில் அடுத்த மாதம் போலீஸ். ஜூன் 13-ம் தேதி பெருந்திரள் மறியல் ஆரம்பித்த முதல் நாளே 84 பேர் கைது. ஜூன் 23 அன்று யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் தலைவர் ஆர்தர் ஸ்கார்கிலோடு வந்து இறங்கினார்கள். ஸ்கார்கிலும் கைதானார். நிலக்கரி தோண்டுகிற ஆஜானுபாகுவான ஆட்கள், நடுவில் ஐந்தடிக்குக் குறைவான ஜெயாபென்! அன்றைக்குத்தான் ஒரு பாட்டில் பறந்து வந்து ஓர் இளம் கான்ஸ்டபிளின் தலையைப் பிளந்தது. ரத்தத்தோடு அவர் தரையில் கிடந்த படம்தான் மறுநாள் பேப்பர்களில். பாத்ரூமுக்கு அனுமதி கேட்ட கதை உள்ளே எங்கேயோ போய்விட்டது.

ஜூலை 11 அன்று சுமார் இருபதாயிரம் பேர். அதில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்களும் தங்கள் சங்கக் கொடியோடு வந்தார்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். 1968-ல், 'வெளிநாட்டுக்காரர்களை விடாதே' என்று பேசிய ஈனக் பவலுக்கு ஆதரவாகப் பார்லிமென்ட்வரை ஊர்வலம் போனவர்கள் இதே துறைமுகத்துக்காரர்கள்! ஒன்பதே வருஷம். 1974-ல் லெஸ்டர் நகரத்து டைப்ரைட்டர் கம்பெனியில் ஆசியத் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தபோது அவர்கள் சொந்த யூனியனே கையை விரித்தது. அதற்கு மூன்றே வருஷம் கழித்து இந்தக் கூட்டம். அந்தத் தெருவில் நின்றவர்கள் வயதான பிறகும் சொல்லிச் சொல்லி மாளாத விஷயம் இதுதான்.

ஆனாலும் என்னைக் கேட்டால் என் மார்க் தபால்காரர்களுக்குத்தான். சுரங்கத்துக்காரர்கள் வந்தார்கள், கர்ஜித்தார்கள், ஊருக்குப் போனார்கள். க்ரிக்கிள்வுட் ஆட்கள் ஜூன் மாதம் மறுபடி தபாலை நிறுத்தினார்கள். இலாகா அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. சம்பளம் கட். தங்கள் பெண்டாட்டி பிள்ளைகளின் சாப்பாட்டைப் பணயம் வைத்தது, முகம் தெரியாத சில குஜராத்திப் பெண்களுக்காக!

அதை உடைக்க எதிர்த்தரப்பு போட்ட திட்டம் அசல் ஜெய்சங்கர் படம். 'சுதந்திரச் சங்கம்' என்ற வலதுசாரி அமைப்பு ஒரு ஜூலை ராத்திரியில் கம்பெனிக்கு லாரிகளைக் கொண்டுவந்தது. தேங்கிக் கிடந்த மூட்டைகளை ஏற்றி, தன்னார்வலர்களை உட்காரவைத்து ஸ்டாம்ப் ஒட்டி, நாடு முழுக்க இருக்கிற தபால் பெட்டிகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதற்கு ரகசியப் பெயர் வேறு: 'போனி எக்ஸ்பிரஸ்'! மாத இறுதியில் தபால் ஊழியர்களும் சங்கத் தலைமை சொன்னதால் வேலைக்குத் திரும்பவேண்டியதாயிற்று.

முழங்கையில் தேன்

அரசாங்கம் நீதிபதி ஸ்கார்மன் தலைமையில் விசாரணை வைத்தது. ஆகஸ்டில் அறிக்கை வந்தது. யூனியனை அங்கீகரியுங்கள், முடிந்தவரை நீக்கியவர்களைத் திரும்ப எடுங்கள் என்றது. வார்ட், 'முடியாது' என்றார். அறிக்கைக்குச் சட்ட பலம் கிடையாதே!

இன்னொரு பக்கம் கோர்ட்டில் ஒரு காமெடி. அரசின் சமரச அமைப்பு தொழிலாளர்களின் கருத்தைக் கேட்டு யூனியனுக்குச் சாதகமாகப் பரிந்துரைத்திருந்தது. உள்ளே இருப்பவர்களின் பெயர், விலாசத்தைத் தர வார்ட் மறுத்ததால் வெளியே நின்றவர்களிடம் மட்டும்தான் கேட்க முடிந்தது. 1977 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 'உள்ளே இருப்பவர்களிடம் கேட்கவில்லை, ஆகவே பரிந்துரை செல்லாது!' விலாசம் தராதவர் ஜெயித்தார்.

நவம்பர் 7-ல் கடைசிப் பெரிய மறியல். 113 பேர் கைது. 243 பேர் காயம். பெரிய தலைவர்கள் மெல்ல நழுவ ஆரம்பித்தார்கள். தொழிற்சங்கக் காங்கிரஸின் ஆதரவைப் பற்றி ஜெயாபென் சொன்ன வார்த்தை சிங்கத்தைவிட எனக்குப் பிடிக்கும். "முழங்கையில் தடவிய தேன். வாசனை வரும், கண்ணுக்குத் தெரியும், நக்கத்தான் முடியாது!" இப்போதே முயற்சி செய்து பாருங்கள். பக்கத்து ஸீட்காரர் பார்க்காதபோது செய்யவும்.

அந்த நவம்பர் குளிரில் ஜெயாபென்னும் இன்னும் மூன்று பேரும் காங்கிரஸ் தலைமை அலுவலக வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மறியல் முதலாளி கேட்டிலிருந்து சொந்தச் சங்கத்தின் கேட்டுக்கு வந்துவிட்டது. பலன்? அபெக்ஸ் அந்த நாலு பேரையும் சஸ்பெண்ட் செய்து ஸ்டிரைக் படியை நிறுத்தியது!

1978 ஜூலை 14. ஏறக்குறைய இரண்டு வருஷம் நின்ற பிறகு போராட்டம் முடிந்தது. ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. யூனியனும் உள்ளே போகவில்லை. இதற்கிடையில் கேட்டில் ஆள் நிற்க நிற்க, உள்ளே சம்பளம் உயர்ந்தது. வெளியே நின்றவர்களின் ஸ்டிரைக்குக்குப் பலன் அனுபவித்தவர்கள் பஸ்ஸில் உள்ளே போனவர்கள்! ஜெயாபென் இதைப் பிற்காலத்தில் சொன்னபோது கோபப்படவில்லை, அவர்களுக்காவது கிடைத்ததே என்ற திருப்திதான்.

மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்ததும் 1980-ல் புதுச் சட்டம் வந்தது. மறியல் செய்கிறவர் தன் சொந்த வேலை இடத்தின் வாசலில்தான் நிற்கலாம். கூடவே ஒரு நடைமுறை விதி: ஒரு கேட்டுக்கு ஆறு பேர் போதும். யார்க்‌ஷயர்க்காரர் வில்ஸ்டனில் வந்து நிற்பதெல்லாம் அத்தோடு சரி.

ஜெயாபென் தையல் வேலைக்குத் திரும்பினார். பிறகு ஹாரோ கல்லூரியில் தையல் சொல்லிக்கொடுத்தார். அறுபதாவது வயதில் டிரைவிங் டெஸ்ட் பாஸ் செய்துவிட்டு, தெரிந்த பெண்களையெல்லாம் 'நீயும் கத்துக்கோ' என்று விரட்டினார். 2010 டிசம்பரில் காலமானபோது வயது 77. வில்ஸ்டனில் இப்போது அந்த ஸ்டிரைக்காரர்களைச் சுவரில் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். க்ரன்விக் கம்பெனிதான் இல்லை. ஃபிலிம் ரோலை யார் தபாலில் அனுப்புகிறார்கள்?