ஃபிரெஷ்டெஸ்க்கின் இணையத் தொழினுட்பத் தெரிவு

ஃபிரெஷ்டெஸ்க் என்பது வாடிக்கையாளர்களின் கேள்விகளையும் புகார்களையும் ஒரே இடத்தில் பெற்றுப் பதிலளிக்க உதவும் இணையச் செயலி ஆகும். சோகோ நிறுவனத்தில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி ஆகியோர் 2010 ஆம் ஆண்டு சென்னையில் இதைத் தொடங்கினர். செயலி 2011 இல் வெளியானது. 2017 இல் நிறுவனத்தின் பெயர் ஃபிரெஷ்வொர்க்ஸ் என மாற்றப்பட்டது. 2021 செப்டம்பர் 22 அன்று அதன் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டன. மிகச் சிலரைக் கொண்ட புத்தொழில் நிறுவனம் தன் தொழினுட்பங்களை எவ்வாறு தெரிவு செய்யலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

தெரிவுகள்

அக்காலத்தில் இணையச் செயலி எழுத ஜாவா, பி.எச்.பி., பைத்தான் மொழியின் ஜாங்கோ, ரூபி மொழியின் ரெயில்ஸ் எனப் பல வழிகள் இருந்தன. இவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எனவே உண்மையான செலவு மென்பொருளின் விலை அன்று, நிரலாளர்களின் நேரமே. கையிருப்புப் பணம் தீருமுன் செயலி வாடிக்கையாளரைச் சென்றடைய வேண்டும்.

ஃபிரெஷ்டெஸ்க் ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகத்தையும் மைசீக்குவல் தரவுத்தளத்தையும் தெரிவு செய்தது. ரெயில்ஸ் 2004 இல் டேவிட் ஹெய்ன்மையர் ஹான்சன் என்பவரால் வெளியிடப்பட்டது. கோப்புகளின் இடம், அட்டவணைகளின் பெயர் முதலியவற்றுக்கு அது முன்கூட்டியே மரபுகளை வகுத்துள்ளது. இதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அமைக்க வேண்டியதில்லை. சிறு குழுவும் விரைவாகச் செயலியை உருவாக்க முடிகிறது. சொந்த வழங்கிகளை வாங்காமல் அமேசானின் மேகக் கணிமைச் சேவை வாடகைக்குப் பயன்படுத்தப்பட்டது.

தரவுத்தள நெருக்கடி

வாடிக்கையாளர்கள் பெருகியபோது முதலில் திணறியது நிரலாக்க மொழி அன்று, தரவுத்தளமே. தொடக்கத்தில் அது பெரிய வழங்கிக்கு மாற்றப்பட்டது. பின்னர் படிக்கும் வேலைகளுக்குத் தனிப் படிகள் வைக்கப்பட்டன. அடிக்கடி தேவைப்படும் தரவுகள் நினைவகத்தில் சேமிக்கப்பட்டன. ஆனால் எழுதும் வேலை முழுவதும் ஒரே தரவுத்தளத்தின் மேல் விழுந்ததால் இவை நெடுநாள் போதவில்லை.

இறுதியில் தரவுகள் பல தரவுத்தளங்களாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பதிவுகளும் அதன் கணக்கு எண்ணால் பிரித்தறியத் தக்கவையாக இருந்தன. ஒரு நிறுவனத்தின் தரவை மற்றொன்றின் தரவுடன் இணைத்துப் பார்க்கத் தேவை இல்லை. எந்தக் கணக்கு எந்தத் தரவுத்தளத்தில் உள்ளது என்பதை ஓர் அட்டவணை காட்டியது. செயலி முழுவதையும் வேறு மொழியில் திரும்ப எழுத வேண்டிய நிலை ஏற்படவில்லை.

பிற நிறுவனங்கள்

2006 இல் ரெயில்ஸ் கொண்டு தொடங்கப்பட்ட டுவிட்டர், பளு மிகுந்தபோது முக்கியப் பகுதிகளை ஜாவா, ஸ்காலா மொழிகளுக்கு மாற்றியது. சோகோ ஜாவாவையும் சொந்தத் தரவு மையங்களையும் கொண்டு வளர்ந்தது. ஒரே தொழினுட்பம் எல்லோருக்கும் ஏற்றதன்று என்பதை இவை காட்டுகின்றன.

சிற்றூர் நிறுவனங்களுக்கான அளவுகோல்கள்

இக்கேள்வி இன்று பெருநகரங்களுக்கு மட்டும் உரியதன்று. நெசவுத் தொழில் நடைபெறும் அருப்புக்கோட்டை வட்டாரத்தில், ஒரு சிற்றூரிலிருந்து இருவர் சேலை வணிகர்களுக்கான ஆர்டர் செயலி ஒன்றை எழுதுவதாகக் கொண்டால், பின்வருவன கருதத்தக்கவை:

* இருவரும் ஏற்கெனவே நன்கறிந்த மொழி எது? புதிய மொழியைக் கற்கும் மாதங்களில் வருமானம் இராது.
* ஒருவர் விலகினால் அவ்விடத்துக்கு ஆள் கிடைக்குமா?
* வணிகர்கள் கைபேசியில் பார்ப்பர். வழங்கியிலேயே உருவாக்கப்படும் எளிய பக்கங்கள் குறைந்த இணைய வேகத்திலும் திறக்கும்.
* ஒவ்வொரு வணிகரின் தரவும் கணக்கு எண்ணால் தொடக்கத்திலிருந்தே பிரிக்கப்பட்டுள்ளதா?

இவற்றுள் கடைசியானதே பின்னாளில் மாற்றக் கடினமானது. திரையின் தோற்றத்தைச் சில வாரங்களில் மாற்றி எழுதலாம். ஒன்றோடொன்று கலந்துவிட்ட பல ஆண்டுத் தரவுகளை, செயலியை நிறுத்தாமல் பிரித்தெடுப்பது எளிதன்று.