நோன்புக்கு முன்பே மருத்துவரை ஏன் பார்க்க வேண்டும்?

வீரசோழன் போன்ற கரிசல் சீமை ஊர்களில் வெயில் காலத்து ரமலான் பகல் சர்க்கரை நோயாளிக்குச் சோதனைதான். விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவு செரித்தபின் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து இரத்தத்துக்குச் சர்க்கரை தருகிறது. இன்சுலினைத் தூண்டும் சில மாத்திரைகள் அதையும் மீறிச் சர்க்கரையைக் குறைத்தால் மயக்கம் வரும். 2001இல் 13 நாடுகளில் நடந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளிடம் கடுமையான சர்க்கரைத் தாழ்வு ரமலானில் சுமார் ஏழரை மடங்கு கூடியது.

‘நோயாளிக்கு மார்க்கமே சலுகை தருகிறதே, நோன்பு வேண்டாம் என்றால் போதாதா?’ எனலாம். போதாது. அதே ஆய்வில் இரண்டாம் வகை நோயாளிகளில் ஏறத்தாழ 79 சதவீதத்தினர் 15 நாளாவது நோன்பிருந்தனர். வெறுமனே தடுத்தால் சொல்லாமல் நோற்பார்கள். எனவே குடும்ப மருத்துவர் ஆறேழு வாரம் முன்பே மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி, சர்க்கரை 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பை விட்டுவிடச் சொல்ல வேண்டும்.