சியாமாசெட்டி என்றொரு விமானம்

பழைய மோட்டார் சைக்கிளைத் தேடி வாங்கித் திருத்தி ஓட்டுகிறவர்களைப் பதுளையிலும் பண்டாரவளையிலும் நாம் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வசதி படைத்த சிலர், இராணுவங்கள் கழித்துவிட்ட சிறிய விமானங்களை அதேபோல வாங்கித் திருத்துகிறார்கள். அவர்கள் விரும்பி வாங்குவனவற்றுள் ஒன்று, இத்தாலியில் தயாரான சியாய் மார்ச்செட்டி எஸ்.எஃப்.260.

வடக்கில் வாழ்ந்த சகோதரிகளுக்கு இது "சியாமாசெட்டி". அந்தப் பெயரைக் கேட்டதும் அவர்களுக்குப் பதுங்கு குழிதான் ஞாபகம் வரும்.

இவ்விமானம் முதன்முதலில் பறந்தது 1964இல். 260 குதிரை வலு இயந்திரம். பெயரிலுள்ள எண் அதுதான். முன்னால் இருவர் பக்கத்தில் பக்கமாக இருக்கலாம். விமானம் ஓட்டப் பழகுவோருக்குப் பொருத்தமானது என்றே பல நாடுகள் வாங்கின. இறக்கைகளின் கீழ் குண்டும் ரொக்கட்டும் பொருத்தக்கூடிய வகையும் பின்னர் வந்தது. இலங்கை விமானப்படை 1985இலிருந்து இதை வடக்கில் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. பழகுவதற்கென்று செய்த விமானம் ஊர்மனைகளின் மேல் குண்டு போட்டது.

இதில் மலையகத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். லயத்தில் பிறந்து, அங்கே பொம்பருக்கு ஓடி ஒளித்து, மறுபடி ஊவாவுக்கு வந்து கொழுந்து பறித்தவர்களும் நம்மிடையே உண்டு. தியத்தலாவைப் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடுகிறார்கள்; தாய் உள்ளே ஓடுகிறாள். 2020 ஜனவரி 3ஆம் திகதி ஹப்புத்தளையில் விமானப்படையின் வை-12 விழுந்து, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். இப்படியான செய்திகள் பழைய பயத்தைக் கிளறிவிடும். இந்தப் பயத்தைப் பைத்தியம் என்று சொல்லிச் சிரிப்பது பெரிய அநியாயம்.

இரத்மலானை விமானப்படை நூதனசாலையில் 1950களின் சிப்மங்க் பயிற்சி விமானமும், யுத்தத்தில் பறந்த புக்காராவும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இயந்திரத்தைப் பாதுகாப்பது நல்லதே. ஆனால் கீழே நின்றவர்களின் கதையை யார் பாதுகாப்பது?

பழைய விமானம் வாங்குகிறவர் முதலில் கேட்பது பூச்சையல்ல, அதன் பதிவுப் புத்தகத்தைத்தான். எத்தனை மணித்தியாலம் பறந்தது, எப்போது அடிபட்டது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். புத்தகம் தொலைந்தால் விமானத்தின் பெறுமதி வெகுவாகக் குறையும். பிறகு தகடுகளைக் கழற்றி, உள்ளே அரிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு ஆணியாகப் பார்ப்பார்கள். வருடக்கணக்கான வேலை.

நம் பெண்களிடம் அப்படியொரு பதிவு கிடையாது. ஒரு மொனிட்டர் கொப்பி போதும். எந்த வருடம் எந்தத் தோட்டத்திலிருந்து கிளம்பினோம், எங்கே இருந்தோம், யார் யார் கூட இருந்தார்கள், யாரை எங்கே விட்டு வந்தோம் என்பவற்றை எழுதலாம். எழுத வராத அம்மாமார் சொல்லச் சொல்ல மகளோ பேத்தியோ எழுதட்டும். திகதி தெரியாவிட்டால் "தீபாவளிக்கு முன்னால்", "சின்னவனுக்குப் பல் முளைத்தபோது" என்று போட்டாலும் சரி. ஒரே நாளில் முழுவதையும் சொல்லவைக்க வேண்டாம். அழுகை வந்தால் கொப்பியை மூடிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுங்கள்.